மூடுவதா, படிக்கல் போடுவதா? தேய்ந்துபோன ஏறுபாறைகளுக்கு எந்த வழி சரி

பாறையேற்றத்துக்குப் பேர்போன இடம் எதுவானாலும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்தே தீரும். அடிவாரத்தில் மண் போய்விட்டது, புல் போய்விட்டது, மரத்தின் வேர்கள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கின்றன. இனி ஆட்களை விடலாமா, கூடாதா? கூட்டம் போட்டால் உடனே இரண்டு கட்சியாகிவிடும். "ஐந்து வருஷம் பூட்டிப் போடுங்கள், தானாகச் சரியாகிவிடும்" என்பது ஒரு கட்சி. "நாங்கள் தொடுவது பாறையைத்தானே, மண்ணை யார் தொட்டார்கள்" என்பது இன்னொரு கட்சி. நானும் ஏறுபவன்தான். இருந்தாலும் இரண்டாவது பேச்சை முதலில் தள்ளிவைத்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

ஏறப்போகிற ஒருவர் நாளெல்லாம் அங்கே இருந்தாலும் பாறைமேல் இருக்கும் நேரம் கொஞ்சம்தான். மிச்ச நேரமெல்லாம் அடியில் கழிகிறது. கயிறு விரிப்பது, காலணி மாற்றுவது, அடுத்தவருக்குக் கயிறு பிடிப்பது, பையைத் தரையில் பரப்பி வைப்பது, மேலே ஏறுபவரை அண்ணாந்து பார்த்தபடி பின்னால் பின்னால் நகர்வது என்று எல்லாமே மண்மேல்தான். கயிறில்லாமல் ஏறும் பௌல்டரிங் பாறைகளில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். விழுந்தால் அடிபடாமலிருக்கக் கீழே மெத்தை போடுகிறார்கள். மெத்தை கிடக்கும் இடத்தில் முதலில் புல் சாகும். பிறகு மண் இறுகும். இறுகிய மண் மழைநீரை உள்ளே விடாது. உள்ளே போகாத நீர் ஓடும். ஓடும்போது மேல்மண்ணையும் இழுத்துக்கொண்டு போகும். சில வருஷம் கழித்துப் பார்த்தால் பாறையின் அடியைச் சுற்றி வெளிர்நிறத்தில் ஒரு பட்டை தெரியும். அதுவரை மண்ணுக்குள் புதைந்திருந்த பகுதி அது. பாசியோ, பாறையில் பொருக்குப்போல ஒட்டி வளரும் லைக்கனோ ஒட்டாமல் புதுசாக இருக்கும். நின்றபடியே எட்டிப் பிடித்த முதல் பிடி, இப்போது குதித்தால்தான் கைக்கு வரும். பாரிஸுக்குத் தெற்கே உள்ள ஃபோன்டேன்ப்ளோ காட்டில் பாறைகள் மணல்மேல் உட்கார்ந்திருக்கின்றன. அங்கே இது நெடுநாள் தலைவலி.

அப்படியானால் ஆட்களைப் பாதியாகக் குறைத்தால் சேதமும் பாதியாகிவிடுமா? ஆகாது. இந்த விஷயத்தில் முடிவெடுப்பவர்கள் அதிகம் தவறவிடும் இடம் இதுதான். மனிதர் நடமாட்டம் காட்டை என்ன செய்கிறது என்று பல பத்தாண்டுகளாக ஆராய்ந்தவர்கள், குறிப்பாக அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் டேவிட் கோல், திரும்பத் திரும்பக் கண்ட ஒன்று உண்டு. மிதிபடாத இடத்தில் முதலில் வந்து போகும் சிலரே செடிகொடிகளில் பெரும்பகுதியை அழித்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு நூறு பேர் வந்தாலும் ஆயிரம் பேர் வந்தாலும் கூடுதல் சேதம் அந்த அளவுக்கு ஏறுவதில்லை. ஏற்கெனவே மொட்டையாகிப்போன அடிவாரத்தில் வருகையைப் பாதியாக்கினாலும் அது மொட்டையாகத்தான் இருக்கும். அந்தப் பாதிப் பேர் பக்கத்துப் புதரில் புதுப் பாறை தேடிப் போனால் அங்கே சேதம் புதிதாகத் தொடங்கும். இன்னொன்று, கெடுவதற்கு ஒரு பருவம் போதும். தேறுவதற்குப் பல வருஷம் வேண்டும். பாலைநிலங்களில் நுண்ணுயிர்கள் சேர்ந்து மண்மேல் கட்டும் கருநிற மேல்பொருக்கு ஒரே காலடியில் நொறுங்கிவிடும். முழுதாகத் திரும்பிவரப் பல பத்தாண்டுகள் ஆகலாம்.

இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு வழிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முழுவதும் மூடுவது

மூடித்தான் ஆகவேண்டிய இடங்கள் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் உலுரு பாறையில் ஏறுவது 2019 அக்டோபர் 26 முதல் நிரந்தரமாக நிறுத்தப்பட்டது. அந்த மண்ணின் மூத்த குடிகளான அனங்கு மக்களுக்கு அது புனிதத் தடம் என்பதே முதற்காரணம். மேலே கழிப்பிடம் கிடையாது என்பதால் மழை பெய்தால் கழிவு அடிவாரச் சுனைகளுக்கு வந்ததும், ஏறிய தடம் பாறையில் வெளிறிய தழும்பாகிப்போனதும், பல உயிர்கள் போனதும் கூடவே இருந்தன. அங்கே "எவ்வளவு பேர்" என்ற பேச்சுக்கே இடமில்லை. கனடாவின் நயாகரா சரிவுப் பாறைகளில் வேர்விட்டு நிற்கும் வெண்சீடர் மரங்களும் இந்த வகைதான். ஆள் உயரம்கூட இல்லாத குட்டை மரங்கள் பல நூறு வயதைத் தாண்டியவை, சில ஆயிரத்தையும் தாண்டியவை என்று 1988 முதல் ஆய்வாளர் டக் லார்சன் குழுவினர் கண்டறிந்தார்கள். பிடிக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று ஒரு கிளையை ஒடித்தால் போனது போனதுதான். மறுபடி நட்டுவளர்க்க முடியாத ஒன்று பாறைமேலேயே இருந்தால், அந்தப் பகுதியை மூடுவதில் வாதம் செய்ய எதுவுமில்லை.

ஆனால் நம் கேள்வி பெரும்பாலும் மண்ணும் புல்லும் பற்றியது. அங்கே பூட்டு மட்டும் வேலை செய்யாது. இறுகிய மண்ணில் விதை விழுந்தாலும் வேர் இறங்காது. சரிவில் ஏற்கெனவே வெட்டிவிட்ட நீர்த்தாரை, ஒரு மனிதர்கூட வராவிட்டாலும் ஒவ்வொரு மழைக்கும் ஆழமாகிக்கொண்டே போகும், ஏனென்றால் இப்போது அரிப்பது கால் அல்ல, தண்ணீர். ஐந்து வருஷம் கழித்துத் திறந்து பார்த்தால் களைச்செடி மண்டிய அதே பள்ளம் இருக்கும்.

மூடி வெற்றி கண்டதற்குப் பலரும் காட்டும் சான்று தாய்லாந்தின் மாயா பே கடற்கரை. 2018 ஜூனில் மூடி 2022 ஜனவரியில் திறந்தார்கள். உண்மைதான். ஆனால் அந்த இடைவெளியில் அங்கே பவளக்கன்றுகளை நட்டார்கள்; படகுகள் குடாவுக்குள் நுழையாதபடி தீவின் மறுபுறத்தில் துறை அமைத்தார்கள்; அங்கிருந்து நடைபாதை போட்டார்கள்; திறந்தபோது எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தார்கள். மூடியது வேலைக்காகக் கிடைத்த அவகாசம். வேலைத்திட்டம் இல்லாத மூடலை அதனோடு ஒப்பிடக்கூடாது.

மூடலுக்கு இன்னும் இரண்டு விலை உண்டு. தேதியை முன்கூட்டி அறிவித்தால் கடைசி நேரக் கூட்டம் குவியும். உலுருவை மூடும் முடிவு 2017 நவம்பரில் வந்தது. கடைசி வாரங்களில் மக்கள் வரிசை கட்டி நின்ற படங்கள் உலகெங்கும் போயின. அறிவிக்காமல் மூடினாலோ நம்பிக்கை போய்விடும். இரண்டாவது விலை, ஏறுபவர்கள் ஏறுவதை நிறுத்திவிடுவதில்லை, வேறு பாறைக்குப் போகிறார்கள். அந்த வேறு பாறைக்கு நல்ல பாதையோ கழிப்பிடமோ காவலாளோ இருக்காது. ஒரு மலையின் கணக்கேட்டில் மீட்சி என்று எழுதப்படுவது, பக்கத்து மலையில் சேதமாக எழுதப்படும். அதை எழுதத்தான் ஆளிருக்காது.

பகுதி பகுதியாக மாற்றி மாற்றி மூடுவது

நியாயமாகத் தெரிவதால் கூட்டங்களில் அதிகம் கைதட்டல் வாங்கும் யோசனை இது. இந்த இரண்டு வருஷம் கிழக்குப் பக்கம், அடுத்த இரண்டு வருஷம் மேற்குப் பக்கம் என்று தரிசு போடுவதுபோலச் சுழற்றுவது. என் கணக்கில் எல்லா வழிகளிலும் மோசமானது இதுதான். கெடுவது வேகமாக, தேறுவது மெதுவாக என்று பார்த்தோமே, அதை இங்கே பொருத்திப் பாருங்கள். இரண்டு வருஷத்தில் தலைதூக்கிய புல்லைத் திறந்த முதல் பருவத்திலேயே மிதித்துத் தீர்த்துவிடுவார்கள். திறந்திருக்கும் பாதியில் இரட்டிப்புக் கூட்டம் சேர்ந்து ஓரங்களில் அகலும். சில சுற்றுகளில் இரண்டு பக்கமும் சமமாக மொட்டையாகிவிடும்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாதது நிரந்தரப் பகுதி மூடல். எந்தப் பாறைக்கும் தேவைக்கு மேல் தடங்கள் இருக்கும். ஒரே இடத்துக்கு மூன்று குறுக்குவழி, யாரோ ஒருமுறை மெத்தை போட்ட மூலை, சிறுநீர் கழிக்கப் போய்ப் போய் விழுந்த தடம். இவற்றை ஒரேயடியாக மூடிவிட்டு மீண்டும் திறப்பதே இல்லை என்று முடிவெடுத்தால் ஏறுபவர்கள் இழப்பது எதுவுமில்லை, மண்ணுக்குக் கிடைப்பது ஏராளம். சுழற்சிக்குச் செலவாகும் வேலியை இங்கே போடலாம்.

எண்ணிக்கை வரம்பும் முன்பதிவும்

டெக்சாஸின் வேக்கோ டேங்க்ஸ் உலகின் பௌல்டரிங் தலங்களில் முதல் வரிசையில் இருப்பது. அதே பாறைகளில் பழங்குடிகள் தீட்டிய முகமூடி ஓவியங்களும் உண்டு. 1998 திட்டத்துக்குப் பிறகு வடக்கு மலைப் பகுதியில் ஒரே நேரத்தில் 70 பேர்தான் தாங்களாகச் சுற்றலாம்; மற்றப் பகுதிகளுக்கு வழிகாட்டியோடுதான் போகவேண்டும். உள்ளே போகுமுன் விளக்கக் காணொளி பார்த்தாக வேண்டும். ஏறுபவர்கள் அப்போது கோபப்பட்டார்கள், இன்றும் சிலர் முணுமுணுக்கிறார்கள். ஆனால் அங்கே அந்த வரம்பு பொருத்தமானது. ஓவியத்துக்கு நேரும் கேடு தலைக்கணக்கில் கூடுவது. ஒவ்வொரு கையும் ஒவ்வொரு உரசலும் அதன் பங்குக்குக் கொஞ்சம் அழிக்கும். அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் உள்ள ஹாஃப் டோம் மலையில் கம்பிவடத்தைப் பிடித்து ஏறும் பாதைக்கு நாளுக்குச் சுமார் 300 பேர் என்று வைத்தார்கள். அங்கே பிரச்சினை கம்பியில் சிக்கிக்கொள்ளும் நெரிசல். அதுவும் தலைக்கணக்குத்தான்.

ஆக, கழிப்பிடம், வண்டி நிறுத்துமிடம், ஓவியம், நெரிசல் ஆகியவற்றுக்கு வரம்பு நேரடியாக உதவும். மொட்டையாகிவிட்ட அடிவார மண்ணுக்கு மிகக் கொஞ்சமே உதவும். இதைச் சொல்லாமல் "மண் அரிக்கிறது, ஆகவே முன்பதிவு" என்று கொண்டுவந்தால், மூன்று வருஷம் கழித்து மண் அப்படியே இருக்கும், மக்களுக்கு விதிகள்மேல் இருந்த மரியாதை போயிருக்கும். வாசலில் ஆள், பதிவு முறை, பதிந்துவிட்டு வராதவர்களின் இடத்தை மற்றவர்களுக்குக் கொடுப்பது என்று செலவும் தொடர் செலவு. மாதக்கணக்கில் திட்டமிட முடிந்த வெளியூர்க்காரருக்கு இடம் கிடைக்கும். வேலை முடிந்து மாலையில் இரண்டு மணி நேரம் வரும் உள்ளூர்க்காரர் வெளியே நிற்பார். பின்னாளில் பாதையைப் பராமரிக்க மண்வெட்டியோடு வருவது பெரும்பாலும் அந்த உள்ளூர்க்காரர்தான் என்பதையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

பருவத்துக்கு மட்டும் மூடுவது

குறைந்த செலவில் அதிகப் பலன் தருவது எது என்று கேட்டால் இதைச் சொல்வேன். யோசெமிட்டியில் வல்லூறுகள் கூடுகட்டும் பாறைமுகங்கள் வழக்கமாக மார்ச் 1 முதல் ஜூலை 15 வரை மூடப்படுகின்றன. கண்காணித்து, குஞ்சுகள் பறந்துவிட்டாலோ கூடு இல்லையென்றாலோ சில பகுதிகளை முன்கூட்டியே திறக்கிறார்கள். காரணம் கண்ணுக்குத் தெரிகிறது, முடிவுத்தேதி இருக்கிறது, தேவை தீர்ந்ததும் திறக்கிறார்கள். அதனால் எதிர்ப்பு குறைவு. ஜெர்மனியின் சாக்ஸன் சுவிட்சர்லாந்து மணற்பாறைகளில் ஈரப் பாறையில் ஏறவே கூடாது, ஏனென்றால் நனைந்த மணற்கல் வலுவிழந்து பிடிகள் உடையும். கை வழுக்காமலிருக்கப் பூசும் வெள்ளைப் பொடிக்கும் அங்கே அனுமதியில்லை. தனித்து நிற்கும் தூண்களில்தான் ஏறலாம். நூறாண்டுக்கு மேலாக ஏறும் மரபு இருந்தும் அந்த ஊர் மக்கள் இதைத் தங்கள் விதியாகவே நினைக்கிறார்கள்.

மண்ணுக்கும் இதே தர்க்கம் பொருந்தும். நனைந்த மண் உலர்ந்த மண்ணைவிடச் சுலபமாக இறுகும், பாதை சேறானால் ஆட்கள் ஓரமாக நடந்து அதை அகலமாக்குவார்கள். மழைக்காலத்திலும் அது முடிந்து சில வாரங்களும் அடிவாரத்தை மூடினால், ஆண்டின் சேதத்தில் கணிசமான பகுதி நின்றுவிடும். அதே வாரங்கள்தான் விதை முளைக்கும் வாரங்களும்.

கேட்டுக்கொள்வது

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் உள்ள டெவில்ஸ் டவர் பாறை இருபதுக்கும் மேற்பட்ட பழங்குடி இனங்களுக்குப் புனிதமானது. அங்கே 1995 முதல் ஜூன் மாதத்தில் ஏறவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள். தடை இல்லை, வேண்டுகோள். தொடக்க ஆண்டுகளில் ஜூன் மாத ஏற்றம் பெருமளவு குறைந்தது. பின்னாளில் எண்ணிக்கை மறுபடி ஏறியது. வேண்டுகோளுக்கு வலு உண்டு, ஆனால் புதுத் தலைமுறை வரும்போதெல்லாம் மறுபடி சொல்லவேண்டும். மண் காக்க இதை மட்டும் நம்புவது சரிவராது, ஏனென்றால் முதலில் வரும் சிலரே போதும் என்று பார்த்தோம். நூற்றில் தொண்ணூறு பேர் கேட்டாலும் மிச்சப் பத்துப் பேர் மீட்புப் பகுதியை முடித்துவிடுவார்கள்.

திறந்தே வைத்து, தரையைப் பலப்படுத்துவது

நான் நிற்கும் பக்கம் இது. ஆட்கள் எங்கே கால் வைப்பார்களோ அங்கே மண்ணே இல்லாமல் செய்துவிடுவது. சரிவில் நேராக ஏறும் தடத்தை மூடிவிட்டு, சரிவைக் குறுக்கே வெட்டிப் போகும் பாதை போடவேண்டும். பாதையின் ஏற்றம் பக்கச்சரிவின் பாதியைத் தாண்டாமல் இருந்தால் நீர் பாதைவழியே ஓடாமல் குறுக்கே கடந்து போய்விடும். செங்குத்தான இடத்தில் கல்படி. படியைக் கீழிருந்து தொடங்குவார்கள். ஒவ்வொரு கல்லின் பெரும்பகுதியும் சரிவுக்குள் புதையும், மேல்கல்லின் முன்விளிம்பு கீழ்க்கல்லின் பின்விளிம்பில் ஏறி உட்காரும். கல்லை வைத்ததும் அதன் நாலு மூலையிலும் ஏறி நின்று பார்ப்பார்கள். இம்மி ஆடினாலும் தூக்கி எடுத்து அடியில் சில்லுக்கல் இறுக்கி மறுபடி வைப்பார்கள். ஆடும் படியை மக்கள் மிதிக்கமாட்டார்கள், பக்கத்து மண்ணில் இறங்குவார்கள். போட்ட படி வீண். பாறையடியில் கயிறு பிடிப்பவர் நிற்கவும் மெத்தை போடவும் கல்லால் தடுப்புச்சுவர் எழுப்பி உள்ளே சரளை நிரப்பிச் சமதளமாக்குவார்கள். தளத்துக்கு ஓர் எல்லை தெரிந்தால் பையையும் அதற்குள்தான் வைப்பார்கள்.

தளத்துக்கு வெளியே நடப்பது மீட்பு வேலை. இறுகிய மண்ணைக் கடப்பாரையால் நெம்பிப் பொலபொலப்பாக்கவேண்டும், நீர்த்தாரையில் குறுக்குக் கட்டைகளையும் கற்களையும் வைத்து நீரை மெதுவாக்கவேண்டும், அதே மலையில் சேகரித்த விதையைத் தூவி, மேலே இலைக்குப்பையும் சணல் வலையும் போடவேண்டும். பழைய தடத்தில் காய்ந்த கிளைகளைப் படுக்கப்போட்டும், சிலவற்றைச் செடிபோல நட்டுவைத்தும் தடமே கண்ணுக்குத் தெரியாமல் மறைப்பது பெரிய தந்திரம். "நுழையாதே" பலகையைவிட இது நன்றாக வேலை செய்கிறது. பாதை என்று ஒன்று தெரியாதபோது யாருக்கும் அதில் போகத் தோன்றாது.

எதிர்ப்புகளும் நியாயமானவையே. காடு பூங்கா மாதிரி ஆகிவிடுகிறது என்பார்கள், ஓரளவு உண்மை. நல்ல பாதை போட்டால் இன்னும் கூட்டம் வரும் என்பார்கள். அதுவும் உண்மை, அந்தக் கட்டத்தில்தான் வண்டி நிறுத்துமிடத்தின் அளவைக் கூட்டாமல் வைத்திருப்பது வரம்பாக உதவும். கல்லை ஆள்பலத்தால் சுமக்கவேண்டும், வேலை தெரிந்தவர்கள் வேண்டும், முதல் செலவு அதிகம். நீர் வடியும் குறுக்குக்கற்களின் பின்னால் சேரும் மண்ணை ஆண்டுதோறும் வாரிப்போட ஆள் வேண்டும். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் உள்ள ரெட் ரிவர் கார்ஜில் ஏறுபவர்களே ஒரு சங்கமாகச் சேர்ந்து 2004-ல் எழுநூறு ஏக்கருக்கு மேல் நிலத்தை வாங்கினார்கள். அனுமதிச் சண்டை தீர்ந்தது, பதிலுக்குப் பாதை பராமரிப்பும் கடன் அடைப்பும் அவர்கள் தலையில் ஏறின. எல்லா இடத்திலும் நிலம் வாங்க முடியாது, ஆனால் பராமரிப்பை எழுத்தில் ஏற்றுக்கொள்ளும் ஒரு சங்கமாவது இல்லாவிட்டால் இந்த வழிக்குப் போகக்கூடாது. பாதியில் கைவிட்ட கல்படி, படியே இல்லாத சரிவைவிட வேகமாக அரிக்கும்.

எதை எங்கே தேர்வது

பாறைமேலேயே ஓவியமோ பழமையான மரமோ புனிதத்தலமோ இருந்தால், அந்த முகத்தை மூடுவது அல்லது வழிகாட்டியோடு மட்டும் விடுவது. கூடு இருந்தால் பருவத்தடை. சேதம் மண்ணில் என்றால், கையில் இருக்கும் பணத்தை நான் இந்த வரிசையில் செலவழிப்பேன்: முதலில் மேட்டிலிருந்து வரும் நீரைத் திருப்புவது, பிறகு ஒரே ஒரு முதன்மைப் பாதை, பிறகு அதிகம் கூடும் இரண்டு மூன்று அடிவாரத் தளங்கள், அதன்பின்னர்தான் விதையும் வேலியும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நாற்று நடும் நாளுக்குப் படமெடுக்க ஆள் வருவார்கள், வடிகாலுக்கு யாரும் வரமாட்டார்கள். நீரைத் திருப்பாமல் நட்ட நாற்று முதல் கனமழையில் பாதைக்கு வந்து கிடக்கும். இந்த வேலை நடக்கும் சில மாதங்களுக்கு அந்த ஒரு பகுதியை முழுதாக மூடலாம், தேதி போட்டு, வேலை முடிந்ததும் திறந்து.

முன்பதிவு முறையைக் கடைசிக்கு வைத்திருப்பேன். தளங்கள் போட்டபிறகும் தளத்துக்கு வெளியே ஆட்கள் வழிகிறார்களா என்பதைப் பார்த்துவிட்டுத்தான் அதைப் பற்றிப் பேசவேண்டும். அதைப் பார்க்கப் பெரிய ஆய்வு தேவையில்லை. பாறையில் சில குறிகள் வைத்து, ஆண்டுக்கு இருமுறை அதே இடத்தில் நின்று படம் எடுத்து, குறியிலிருந்து மண் எவ்வளவு இறங்கியிருக்கிறது, தளத்தின் விளிம்பிலிருந்து மொட்டைத்தரை எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று டேப்பால் அளந்தால் போதும். அளவு எவ்வளவு கூடினால் வரம்பு வரும், எவ்வளவு தேறினால் வேலி எடுக்கப்படும் என்ற இரண்டு எண்ணையும் வேலை தொடங்குமுன்பே எழுதி எல்லோர் முன்னும் ஒட்டிவிடவேண்டும். மழை தொடங்கும்போது விதை மண்ணில் இருந்தாக வேண்டும், அதற்கு முன் கல்வேலை முடிந்திருக்க வேண்டும். எனவே இந்தக் கூட்டத்தை மழைக்கு நாலைந்து மாதம் முன்பே கூட்டிவிடவேண்டும்.